முக்குறுணியும் மூன்று ‘கு’வும்

போன ஞாயிற்றுக்கிழமை தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். திண்ணையில் என் பேத்தி கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். ஆறாம் வகுப்பு, ஆங்கில வழி. பாடம் இயற்கணிதம். ஒரு சொற்றொடரைக் கொடுத்து அதைக் கோவையாக எழுதச் சொல்லும் பயிற்சி. பத்துக் கணக்கில் நாலு தப்பு என்று அவள் டீச்சர் சிவப்பு மையில் சுழித்திருந்தார்.

தப்பான கணக்குகளைப் பார்த்தேன். நாலும் ஒரே சாதி. ‘எக்ஸை விட ஐந்து குறைவு’ என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் ஐந்து முதலில் வரும், எக்ஸ் கடைசியில் வரும். பிள்ளை சொல் வந்த வரிசையிலேயே எழுதிவிட்டது: 5 − எக்ஸ்.

நோட்டை மூடிவிட்டுக் கேட்டேன். “ஏம்மா, ஒரு நம்பரை விட அஞ்சு கம்மி. எப்படி எழுதுவே?”

“எக்ஸ் மைனஸ் அஞ்சு.”

“அதைத்தானே இங்கேயும் கேட்டிருக்காங்க?”

நோட்டைத் திறந்து பார்த்தாள். “ஆமா தாத்தா! தமிழ்ல கேட்டா ஈசியா இருக்கு.”

எனக்கு உடனே தமிழ்ப் பெருமை தலைக்கேறியது. இன்னொன்றும் கேட்டேன். “அஞ்சை ஒரு நம்பர்ல இருந்து கழிக்கணும். இதை எழுது.” அவள் சற்றும் யோசிக்காமல் 5 − எக்ஸ் என்று எழுதினாள். பெருமை அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

‘எண்ணிலிருந்து ஐந்தைக் கழி’ என்றாலும், ‘ஐந்தை எண்ணிலிருந்து கழி’ என்றாலும் விஷயம் ஒன்றுதான். தமிழில் சொல் முன்னே நிற்கிறதா பின்னே நிற்கிறதா என்பது பெரிதில்லை. அதன் வாலில் ஒட்டியிருக்கும் உருபுதான் பெரிது. ‘இருந்து’ எதோடு ஒட்டியிருக்கிறதோ அதுதான் குறையப் போகிற எண். ‘ஐ’ எதோடு ஒட்டியிருக்கிறதோ அது வெளியே போகிற எண். ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல் பொருள் உண்டு என்று தமிழய்யா எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கணக்கு வாத்தியாராக 34 வருஷம் இருந்த நான், அது என் பாடத்துக்கும் வேண்டியது என்று ஒரு நாளும் வகுப்பில் சொன்னதில்லை.

சொல்லாதது மட்டுமல்ல, தப்பாகச் சொல்லியும் இருக்கிறேன். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு வரலாற்றுக்குப் போகிறேன். வரலாற்றைப் படித்த பிறகுதான் என் தப்பு எது என்றே எனக்குத் தெரிந்தது.

எண்பதுகளின் நடுவில், ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். எழுத்துக் கணக்கைப் பிள்ளைகளுக்கு எளிதாக்குகிறேன் என்று எண்ணிக்கொண்டு, “மாம்பழத்துக்கு ‘ம’ போடு, வாழைப்பழத்துக்கு ‘வ’ போடு. மூணு மாம்பழம், ரெண்டு வாழைப்பழம் என்றால் 3ம + 2வ. அவ்வளவுதான் அல்ஜீப்ரா” என்று சொல்வேன். வகுப்பு சிரிக்கும். எனக்கும் சந்தோஷமாக இருக்கும். அடுத்த நாள், ‘ம = 4, வ = 2 எனில் மதிப்பு காண்க’ என்று போர்டில் எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றது. “சார், மாம்பழம் எப்படி சார் நாலு ஆகும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததால் கோபம் வந்தது. “கேள்வி கேட்காமல் போடு” என்று உட்கார வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளை அப்புறம் என் வகுப்பில் எழுந்து நிற்கவே இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தவறிவிட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன். அதற்கு நான் என்ன செய்வேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி வரலாறு.

வாயால் சொன்னதைக் கணக்காக்கும் வேலை நம் ஊருக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எண்சுவடியை உரக்கச் சொல்லிச் சொல்லி மனத்தில் ஏற்றினார்கள். வெறும் ஓரெண் ஒன்று, ஈரெண் இரண்டு மட்டுமல்ல. முந்திரி என்ற 320-ல் ஒரு பங்கு, காணி என்ற 80-ல் ஒரு பங்கு, மாகாணி, அரைக்கால் என்று கீழ்வாய் இலக்கமும் நாவில் நிற்க வேண்டும். இதையெல்லாம் நாம் ‘வெறும் மனப்பாடம்’ என்று தள்ளிவிடுகிறோம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய வரலாற்றாசிரியர் செந்தில் பாபு இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அந்தப் பள்ளியில் நினைவு என்பது சுமை இல்லை, அதுவே கற்கும் முறை என்பது அவர் வாதம். நெல் அளக்கிறவனும் நிலம் அளக்கிறவனும் தாளும் பென்சிலும் இல்லாமல், களத்துமேட்டில் நின்றபடி கணக்குப் போட வேண்டியிருந்தது. அதற்கு இந்தப் படிப்பு ஏற்றதாக இருந்தது.

எண்சுவடிக்கு அடுத்த படி கணக்கதிகாரம். காரிநாயனார் பாடியது. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்திருக்கிறது. நிலம், பொன், நெல், அரிசி, கல் என்று வகை வகையாக அன்றாட வாழ்வின் கணக்குகள். ஒவ்வொரு முறையும் ஒரு வெண்பா அல்லது வேறொரு பாட்டுக்குள் அடங்கிவிடும்.

அதில் பலாப்பழக் கணக்கு பலருக்கும் தெரிந்தது. பழத்தை வெட்டாமலே எத்தனை சுளை இருக்கும் என்று சொல்வதற்கு வழி. காம்பை ஒட்டிய முட்களை எண்ணு, ஆறால் பெருக்கு, ஐந்துக்குக் கொடு. முள் 100 என்றால் 600, அதை ஐந்தால் வகுத்தால் 120 சுளை. இதைச் சோதித்துப் பார்க்க மாட்டுத்தாவணி பழ மார்க்கெட்டில் ஒரு பழம் வாங்கி வந்தேன். காம்பை ஒட்டிய முள் என்றால் எந்த வரிசை என்பதிலேயே எனக்கும் வீட்டுக்காரிக்கும் கருத்து வேறுபாடு. நான் எண்ணி முடிப்பதற்குள் பழத்தை அறுத்துவிட்டாள்.

சுளை எத்தனை என்பது இருக்கட்டும். அந்தப் பாட்டின் மொழியைக் கவனியுங்கள். வகுப்பதற்கு அவர் சொல்வது ‘ஐந்துக்கு ஈதல்’. ஐந்து பேருக்குக் கொடுப்பது. இன்றைக்கும் வகுத்து வரும் விடையை நாம் ‘ஈவு’ என்றுதானே சொல்கிறோம்? 34 வருஷம் கரும்பலகையில் ‘ஈவு, மீதி’ என்று எழுதினேன். ஈவு என்றால் கொடுத்தது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. வட்டத்தின் பரப்புக்கும் ஒரு பாட்டு உண்டு: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்க வேண்டும். இன்றைய பாடப்புத்தகச் சூத்திரமும் அதுவே. பெருக்குவதற்கு அங்கே வரும் சொல் ‘தாக்குதல்’. வேறு இடங்களில் ‘மாறுதல்’ என்றும் வரும். எண்சுவடியில் குழிமாற்று என்று ஒரு பகுதி இருப்பது இதனால்தான். இன்று நாம் ‘மாறி’ என்று சொல்வது வேறு.

ஆக, பலாப்பழப் பாட்டை இன்றைய முறையில் எழுதினால் 6மு ÷ 5. இதில் மு என்பது முள்ளின் எண்ணிக்கை. இரண்டும் ஒரே விஷயம்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பாட்டு ஒரு திசையில் மட்டும் போகும், முள்ளிலிருந்து சுளைக்கு. சுளை 60 இருந்தது, முள் எத்தனை இருந்திருக்கும் என்று கேட்டால் அதற்கு இன்னொரு பாட்டு வேண்டும். எழுத்தில் எழுதிவிட்டால் திருப்பிப் போடலாம்: ஐந்தால் பெருக்கு, ஆறுக்குக் கொடு, 50. ஒவ்வொரு வகைக்கும் ஒரு பாட்டு என்று போனால் எத்தனை பாட்டு மனப்பாடம் செய்வது? தெரியாத எண்ணுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் அத்தனையையும் ஒரே வழியில் பார்க்கலாம்.

அந்தப் பெயர் வைக்கும் வேலையை இந்தியாவில் வெகு முன்பே செய்துவிட்டார்கள். பிரம்மகுப்தர் 628-ல் எழுதிய நூலிலேயே தெரியாத எண்களுக்கு நிறங்களின் பெயர் வருகிறது. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் இதை விரிவாகவே கையாண்டார். தெரியாத முதல் எண்ணுக்கு அவர் பெயர் ‘யாவத் தாவத்’. எவ்வளவோ அவ்வளவு என்று பொருள். சுருக்கி ‘யா’ என்று எழுதுவார். அடுத்தடுத்த தெரியாத எண்களுக்குக் கருப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறப்பெயர்களின் முதல் எழுத்து: கா, நீ, பீ, லோ. தெரிந்த வெறும் எண்ணுக்கு ‘ரூ’. கழித்தல் என்றால் எண்ணின் தலையில் ஒரு புள்ளி.

அவருடைய குதிரைக் கணக்கு ஒன்று. ஒருவனிடம் 300 ரூபமும் 6 குதிரையும் இருக்கின்றன. இன்னொருவனிடம் 10 குதிரை, ஆனால் 100 ரூபம் கடன். இருவரும் சம சொத்துக்காரர்கள். எல்லாக் குதிரைக்கும் ஒரே விலை. விலை என்ன? பாஸ்கரர் இரண்டு வரி எழுதுவார். மேலே ‘யா 6 ரூ 300’. கீழே ‘யா 10 ரூ 100’, அந்த 100-ன் மேல் புள்ளி. இரண்டும் சமம். 4 யா என்பது 400, ஆகவே யா 100. ஒரு குதிரையின் விலை நூறு.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணின் கேள்விக்கு எண்ணூறு வருஷத்துக்கு முன்பே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். ‘யா’ என்பது குதிரை இல்லை. குதிரையின் விலை. பெயரிலேயே ‘எவ்வளவோ அவ்வளவு’ என்று இருக்கிறது. அடுத்த எண்ணுக்குக் கருப்பு, நீலம் என்று பெயர் வைத்ததும் நல்லதுதான். கருப்புக்கும் குதிரைக்கும் சம்பந்தமில்லை. அதனால் எழுத்தைப் பார்த்ததும் பொருளை நினைத்துக்கொள்ளும் ஆபத்து குறைவு. நான் செய்தது நேர் எதிர். மாம்பழத்துக்கே ‘ம’ போட்டு, எழுத்தைப் பழத்தின் முதுகில் ஒட்டிய சீட்டாக்கிவிட்டேன். ‘மாம்பழம் எப்படி நாலு ஆகும்’ என்று அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி. மாம்பழம் நாலு ஆகாது. ஒரு மாம்பழத்தின் விலை நாலு ரூபாய் ஆகலாம்.

இந்தத் தப்பு ஏழாம் வகுப்போடு நிற்பதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். 1980-ஐ ஒட்டி அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கிளமென்ட் என்பவரும் நண்பர்களும் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் ஒரே ஒரு வாக்கியத்தைக் கொடுத்தார்கள். ‘இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள்’. இதைச் சமன்பாடாக எழுது. மூன்றில் ஒருவருக்கு மேல் தவறாக எழுதினார்கள். தவறியவர்களில் பெரும்பாலோர் எழுதியது 6மா = பே என்பது. பேராசிரியர் 10 பேர் என்றால் மாணவர் 60; அப்படியானால் மா = 6பே என்றுதான் வர வேண்டும். அவர்கள் ‘மா’வை மாணவர்களின் எண்ணிக்கையாகப் படிக்கவில்லை; மாணவர் என்ற சொல்லுக்குச் சுருக்கமாகப் படித்துவிட்டார்கள். ஆறு மாணவருக்கு ஒரு பேராசிரியர் என்று படம் போட்டுவிட்டார்கள். நாளைக்குப் பாலம் கட்டப் போகிறவர்கள்!

உலகமே இந்த இடத்துக்கு மெதுவாகத்தான் வந்தது. ‘அல்ஜீப்ரா’ என்ற பெயரே ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாத்தில் அல் குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலிருந்து வந்தது. அந்த நூலில் ஒரு குறிகூடக் கிடையாது, அத்தனையும் வாக்கியம். கூட்டல், கழித்தல் குறிகள் அச்சில் வந்தது 1489-ல், ஜெர்மனியில் யோகான் விட்மன் எழுதிய வணிகக் கணக்குப் புத்தகத்தில். சமக்குறி 1557-ல் வந்தது. ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ் நாட்டு வைத்தியர், ‘இதற்குச் சமம், இதற்குச் சமம்’ என்று எழுதி அலுத்துப்போய் இரண்டு இணைகோடு போட்டார். இரண்டு இணைகோடுகளை விடச் சமமான இரண்டு பொருள் எது என்பது அவர் நியாயம். தெரிந்த எண்ணுக்கும் எழுத்து வைக்கலாம் என்று 1591-ல் காட்டியவர் பிரான்சின் வியெட். எக்ஸ், ஒய், இசட் வழக்கம் 1637-ல் டேகார்ட்டின் நூலோடு வந்தது. என் பேத்தியை அழ வைத்த எக்ஸுக்கு இன்னும் நானூறு வயது ஆகவில்லை. திருமலை நாயக்கர் மகாலும் அதுவும் ஏறக்குறைய ஒரு வயது.

இந்த எழுத்துக் கணக்கு தமிழில் புத்தகமாக வந்ததற்கு நாம் யாழ்ப்பாணத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். அமெரிக்க மிஷனரிமார் 1823-ல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி தொடங்கினார்கள். அங்கே படித்து அங்கேயே ஆசிரியராக இருந்தவர் கரோல் விசுவநாதபிள்ளை. 1855-ல் அவர் எழுதிய ‘வீசகணிதம்’ வெளிவந்தது. பீஜம் என்றால் விதை; அதுதான் தமிழில் வீசம் ஆயிற்று. மாகாணிக்கும் வீசம் என்று பெயர் இருப்பதால் கீழ்வாய் இலக்கப் புத்தகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதே வருஷம் அந்தச் செமினரி மூடப்பட்டது. இரண்டு வருஷம் கழித்து, 1857-ல், சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கி நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இரண்டே பேர். ஒருவர் இந்த விசுவநாதபிள்ளை. மற்றவர் அவரிடம் பாடம் கேட்ட சி.வை. தாமோதரம்பிள்ளை. பின்னாளில் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டு வந்தாரே, அவரேதான். ஆசிரியரும் மாணவரும் ஒரே தேர்வில் உட்கார்ந்து இருவரும் பட்டதாரி ஆன கதை.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் 1916-ல் ராஜாஜி சேலத்தில் நண்பர்களோடு சேர்ந்து சாஸ்திர பரிபாஷைக்கென்றே ஒரு சங்கம் வைத்தார். விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற சந்தேகம் அன்றைக்குப் படித்தவர்களிடமே இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் உட்கார்ந்து உருவாக்கிய சொற்களில்தான் இன்று பிள்ளைகள் படிக்கிறார்கள். இலங்கையில் அட்சரகணிதம் என்பார்கள், இங்கே இயற்கணிதம். எழுத்தும் எண்ணும் குறியும் சேர்ந்ததற்குக் ‘கோவை’ என்று பெயர். அது எனக்குப் பிடித்த சொல். கோத்து வைத்தது கோவை. பூவை எந்த வரிசையில் கோத்தாலும் மாலைதான்; கணக்கில் மாற்றிக் கோத்தால் வேறு கணக்காகிவிடும்.

இவ்வளவும் படித்த பிறகு எனக்கு ஒன்று விளங்கியது. நாங்கள் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு சின்ன அகராதி. ‘கூடுதல்’ என்று வந்தால் கூட்டு. ‘குறைவு’ என்று வந்தால் கழி. ‘மடங்கு’ என்றால் பெருக்கு. இது பாதிக் கணக்குக்கு உதவும். மீதிப் பாதியில் கழுத்தை அறுக்கும். ‘முருகனிடம் 12 கோலி இருக்கிறது. அது கண்ணனிடம் இருப்பதை விட 5 கூடுதல். கண்ணனிடம் எத்தனை?’ அகராதி வைத்திருக்கும் பிள்ளை 17 என்கும். வாக்கியத்தைப் படித்த பிள்ளை 7 என்கும். சொல்லுக்குச் சொல் குறி மாற்றி வைப்பது இந்தப் பாடம் இல்லை. வாக்கியம் யாரைப் பற்றி, எந்த அளவைப் பற்றிப் பேசுகிறது என்று முதலில் பிடிபட வேண்டும். எழுத்து அப்புறம் தானாக வரும்.

அப்படி எழுதினால் என்ன லாபம் என்று பேத்தி கேட்டாள். ஞாயமான கேள்வி. இந்தத் தடவை உட்கார வைக்கவில்லை.

வாட்சாப்பில் வருஷத்துக்கு நாலு தடவையாவது எனக்கு ஒரு பழம்பாட்டு வரும். பிதாகரஸ் சொல்வதற்கு முன்பே தமிழன் சொன்ன மூலைவிட்டக் கணக்கு, வர்க்கமூலமே வேண்டாம் என்ற குறிப்போடு. நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளு; மிச்சத்தோடு அகலத்தில் பாதியைச் சேர். இதுதான் முறை. பாட்டாகப் படிக்கும்போது அருமையாக இருக்கும். நீளம் 4, அகலம் 3 என்று போட்டால் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5 வரும். மிகச் சரி. 12, 5 போட்டால் 13. அதுவும் சரி. உடனே பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

பேத்தியைக் கோவையாக எழுதச் சொன்னேன். நீளம் ‘நீ’, அகலம் ‘அ’ என்று வைத்து, 7நீ ÷ 8 + அ ÷ 2 என்று எழுதிவிட்டாள். “இப்ப உனக்குப் பிடிச்ச நம்பரைப் போட்டுப் பாரு” என்றேன். நீளம் 20, அகலம் 1 என்று எடுத்துக்கொண்டாள். ஒல்லியான, நீளமான சந்து மாதிரி ஒரு செவ்வகம். பதினேழரையும் அரையும் பதினெட்டு.

“தாத்தா, நேராப் போனா இருபது. குறுக்கப் போனா எப்படிப் பதினெட்டு வரும்? நீளத்தை விடக் கம்மியா?”

ஆறாம் வகுப்புப் பிள்ளை. பிதாகரஸ் பெயரே இன்னும் படிக்கவில்லை. பாட்டாக மனப்பாடம் செய்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. கோவையில் எழுதியதால் எந்த எண்ணையும் போட்டு மடக்கிப் பார்க்க முடிந்தது. நான் அப்புறம் நம் தெப்பக்குளத்துக்கே போட்டுப் பார்த்தேன். நீளம் 1000 அடி, அகலம் 950 அடி என்று வைத்துக்கொண்டால் பாட்டின்படி மூலைக்கு மூலை 1350 அடி. உண்மையில் 1379 அடி வர வேண்டும். 29 அடி உதைக்கிறது. சதுரத்தை ஒட்டிய வடிவத்துக்கு இது சுமாரான முறை; மூன்றுக்கு நாலு, ஐந்துக்குப் பன்னிரண்டு மாதிரிச் சிலவற்றுக்குக் கச்சிதம்; மெலிந்த வடிவத்துக்கு ஆகாது. மரம் அறுக்கிறவருக்கும் பந்தல் போடுகிறவருக்கும் கைக்கணக்காக உதவியிருக்கும். அதில் இழிவு ஒன்றுமில்லை. எங்கே உதவும், எங்கே உதவாது என்று தெரிந்துகொள்வது பாட்டுக்குச் செய்யும் அவமரியாதையும் இல்லை.

கடைசியாகப் பிள்ளையாருக்கு வருகிறேன். வண்டியூர்க்காரன் பிள்ளையாரை விட்டுவிட்டுக் கட்டுரையை முடிக்க முடியாது. 1645-ஐ ஒட்டித் திருமலை நாயக்கர் வெட்டிய இந்தத் தெப்பக்குளத்தில், மகால் கட்டச் செங்கலுக்கு மண் எடுத்தபோது கிடைத்தவர்தான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். விநாயகர் சதுர்த்திக்கு அவருக்கு மூன்று குறுணி அரிசியில் ஒரே கொழுக்கட்டை. அதனால் அந்தப் பெயர்.

“முக்குறுணியை எழுத்துல எழுது” என்றேன்.

‘3கு’ என்று எழுதினாள்.

“கு-ன்னா என்ன?”

“குறுணி.”

எனக்குக் கடைசி பெஞ்சு நினைவுக்கு வந்தது. மெதுவாகச் சொன்னேன். “குறுணி இல்லம்மா. ஒரு குறுணிக்கு எத்தனை படியோ, அந்த எண்ணிக்கைதான் கு. நம்ம ஊர்க் கணக்குல ஒரு குறுணிக்கு ஆறு படி. அப்ப எத்தனை படி அரிசி?”

“பதினெட்டு.”

“எண்சுவடி வாய்பாட்டுல எட்டு நாழி ஒரு குறுணி. அந்த ஊர்ல இதே கொழுக்கட்டை பிடிச்சா?”

“இருபத்துநாலு நாழி.” கொஞ்சம் யோசித்தாள். “அப்ப ‘கு’ ஊருக்கு ஊர் மாறும். மூணு மாறாது.”

இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

பிறகு திருப்பிக் கேட்டேன். “க − 5 என்பதை வாக்கியமா எழுது. தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எத்தனை விதமா முடியுமோ அத்தனை.” தமிழில் ஆறு விதமாக எழுதினாள். இங்கிலீஷில் மூன்று. அதில் ஒன்று, டீச்சர் சிவப்பு மையில் சுழித்த அதே சொற்றொடர். இந்தத் தடவை சரியான பக்கத்தில் இருந்தது.

கடைசி பெஞ்சில் இருந்த அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கலாம். தெப்பத் திருவிழாக் கூட்டத்தில் எங்காவது எதிர்ப்பட்டால் அடையாளம் தெரியுமோ என்னவோ. தெரிந்தால் சொல்ல ஒரு பதில் வைத்திருக்கிறேன். மாம்பழம் நாலு ஆகாதும்மா, நீ கேட்டது சரிதான்.